பாடுகளின் மரியம்மையார்

முன்னுரை

சமாதானம் என்னுஞ் சொல்லை விரும்பாத மக்கள் இல்லை. ஆயினும் அச்சொல்லின் பொருளை ஆராய்ந்தறிவார் சிலரே. போர் நின்றுவிட்டால் சமாதானம் வந்துவிட்டதெனப் பலர் எண்ணுகின்றனர். வலியவனுக்கு அஞ்சி எளியவன் வாய்மூடி இருப்பதும் புறத்தார்க்கு அமைதியாகவே தோன்றும். ஒரு வீட்டுப் பெண்மக்கள் தம் குறையை எடுத்துரைக்க வழியின்றி அடங்கிக் கிடப்பின், அவ்வீட்டிற் பூசலே இல்லை என்று அயலார் மெச்சுவதும் உண்டு. இவையெல்லாம் சமாதானம் ஆகா. நீதி நிலைபெற்ற இடத்திலேயே சமாதானம் வேரூன்றும். மக்களிற் பாதியராகிய பெண்டிர்க்கு நீதி கிட்டாத நாட்டில் எஞ்சிய பாதியர் அடையும் அமைதியும் நிலையுடையதன்று. இவ்வுண்மையை நூலால் நிறுவாமல் தம் வாழ்வால் நிறுவிய பெருமாட்டியார் ஒருவரின் சரிதையை மாணவ அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நாமக்கல்லை அடுத்துக் காவிரிக் கரையில் விளங்கும் மோகனூர், நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை அவர்கள் 1888ஆம் ஆண்டிற் பிறந்த ஊராகும். 1930ஆம் ஆண்டில் இராஜாஜி அவர்கள் தலைமையில் திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியத்திற்கு நடந்த உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்க்கு நடைப்பாட்டு ஆக்கியளித்தவர் அவரே. படைக்கலம் ஏந்தாத படை ஒன்றும் உலகில் உண்டு என்பதைத் தமிழர் நெஞ்சிற் பதித்த புலவர் பிறந்தமையால், அவ்வூர்க்குச் சமாதானத்தைப் பற்றிய சிந்தனை புதிதன்று.

மோகனூர்ப் படித்துறையை அணைந்து செல்லும் காவிரி நீரில் நீலகிரியின் நீரும் கலந்துள்ளது. அம்மலையிற் பொழியும் மழை பவானியாற்றை நிறைத்து, பவானிக் கூடுதுறையிற் காவிரியோடு சேர்ந்து, கீழ்நோக்கி இவ்வூரைக் கடந்து செல்கின்றது. அந்நீலகிரியின்மேல், உதகமண்டலத்தில், 1876ஆம் ஆண்டில் இருபது பெண்கள் ஒன்றுகூடினர். அவர்கட்கு நாடும் வேறு, செல்வமும் இல்லை, தம்மை ஏற்பார் எவர் என்னும் உறுதியும் இல்லை. அவ்விருபதின்மரினின்று தோன்றிய கன்னியர் சபை இன்று எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் தொண்டாற்றி வருகின்றது. அச்சபையின் அன்னையே பாடுகளின் மரியம்மையார் எனப் பெயர்பூண்ட பிரெஞ்சு மாது ஆவார்.

பிறப்பும் இளமையும்

பிரான்சு தேசத்தின் மேற்றிசையில், பிரித்தானிப் பகுதியைச் சார்ந்த நாந்து என்னும் நகரில், 1839ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் இவ்வம்மையார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எலேன் என்பது. தெ ஷப்போத்தேன் என்னும் அவர் குடி உயர்குலத்ததாகவும் கத்தோலிக்க சமயப் பற்று மிக்கதாகவும் இருந்தது. இளமையிலேயே கூர்மையான அறிவும், பிறர் துயர் பொறாத நெஞ்சும், எடுத்த கருமத்தை முடித்தே விடும் உறுதியும் அவர்பால் விளங்கின.

அக்காலத்து உயர்குடிப் பெண்களுக்கு இருந்த வழிகள் இரண்டே. ஒன்று, தம் குலத்திற் கேற்ற ஆடவனை மணத்தல். மற்றொன்று, மடம் புகுதல். 1856ஆம் ஆண்டில், தம் பதினேழாம் வயதை எட்டும் தறுவாயில், ஞான ஒடுக்கம் ஒன்றில் ஈடுபட்டிருந்த எலேன், இறைவனுக்கே தம்மை முழுதும் அளித்துவிட வேண்டும் என்னும் அழைப்பைத் தம் உள்ளத்தே உணர்ந்தார். ஆயின் அன்னையார் திடீரென மறைந்தமையால் இல்லத்துப் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. தம் விருப்பத்தை அடக்கிக் கொண்டு குடும்பத்தைத் தாங்கினார்.

1860ஆம் ஆண்டு டிசம்பரில் கிளாரம்மாள் சபை மடத்திற் சேர்ந்தார். அர்ச். பிரான்சீஸ்கு அசிசியாரின் ஏழ்மை வழியைப் பின்பற்றும் சபை அது. அவ்வெளிமை அவர் மனத்தைக் கொள்ளை கொண்டது. எனினும் சின்னாளிற் கொடிய நோய்வாய்ப்பட்டு வீடு திரும்ப நேர்ந்தது. கண்ட கனவு கலைந்ததென்றே எவரும் கருதியிருப்பர். அவரோ மனந்தளராது காத்திருந்து, 1864ஆம் ஆண்டில் மரியாயின் பரிகாரக் கன்னியர் சபையில் துலூசு நகரிற் சேர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் துறவுடை பெற்றபொழுது, பாடுகளின் மரியாள் என்னும் பெயர் அவர்க்கு இடப்பட்டது. கிறிஸ்து நாதர் பட்ட துன்பங்களை நினைவூட்டும் அப்பெயர், அவர் பிற்காலத்திற் படவிருந்த துன்பங்கட்கும் பொருந்துவதாயிற்று.

மதுரைக்கு வந்தமை

தமிழ்நாட்டு உட்பகுதிகளிற் கத்தோலிக்க வேதபோதகப் பணி நெடுங்கால வரலாறு உடையது. தத்துவபோதகர் எனப் பெற்ற இராபர்ட் தெ நொபிலி சுவாமிகள் 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்தார். 1623ஆம் ஆண்டில் அவர் சேலம் நாட்டில் நடந்து, மோகனூர்க்கு வடக்கேயுள்ள சேந்தமங்கலத்தை அடைந்து, அதன் தலைவராகிய இராமச்சந்திர நாயக்கரைக் கண்டார். பன்மொழி கற்ற அப்பெரியாரும் அவர் வழிவந்தோரும் ஆடவர்களே. ஆடவர் திண்ணையிலும் சாவடியிலும் பேசலாம், அறிஞரோடு வாதிடலாம். வீட்டின் உட்கட்டிலுள்ள பெண்களை அணுகுதல் அவர்க்கு இயலாது. நோயுற்ற பெண்ணுக்கு மருந்தளிக்கவோ, சிறுமியர்க்கு எழுத்தறிவிக்கவோ, கைம்பெண்ணின் துயர் கேட்கவோ அயல் ஆடவர்க்கு வாயில் இல்லை. நொபிலியார் சேந்தமங்கலத்திற் கால்வைத்த பின் இருநூற்று நாற்பது ஆண்டுகள் கடந்தும், தமிழகத்து ஊர்களில் மிகப் பலவற்றிற் பெண்களின் நிலை இதுவே. அதற்குப் பின்னரும், 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, சென்னை மாகாணத்துப் பெண்டிரில் எழுத்தறிந்தார் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவையும் எட்டவில்லை.

இக்குறையை நீக்கப் பெண்களே வரவேண்டியிருந்தது. மதுரைப் பகுதியிற் பணிபுரிந்த சேசு சபையார்க்குத் துணையாகவும், உள்நாட்டுக் கன்னியர்க்குப் பயிற்சி யளிக்கவும் பரிகாரக் கன்னியர் அழைக்கப் பெற்றனர். அவர்களுள் ஒருவராக 1865ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மரியம்மையார் பிரான்சினின்று புறப்பட்டார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தைந்து. சூயஸ் கால்வாய் 1869இலேயே திறக்கப்பட்டது. மதுரைக்கு இருப்புப்பாதை 1875இலேயே வந்தது. ஆதலின் அப்பயணத்தின் அருமையை நாம் ஒருவாறு ஊகித்தறியலாம்.

1866ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் அவர் தம் வார்த்தைப்பாடுகளை அளித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில், இருபத்தெட்டே வயதுடைய அவர், தென்னாட்டிலிருந்த அச்சபையின் மூன்று மடங்கட்கும் மாகாணத் தலைவியாக நியமிக்கப் பெற்றார். முன்னரே அம்மடங்களில் மனவேற்றுமைகள் இருந்தன. அவற்றை ஆற்றி, ஒழுங்கை நிலைநிறுத்தி, பணிகளைப் பெருக்குதற்கு இளமை தடையாகவில்லை. வெயிலும் நோயும் மொழியும் அவர்க்குப் பகையாயினும், இந்நாட்டுப் பெண்களின் நிலையை அணுகி நோக்கிய அவ்வாண்டுகளே அவர்தம் பிற்காலப் பணிக்கெல்லாம் அடிப்படையாயின.

பிரிவும் பஞ்சமும்

1874ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் ஒரு மடம் நிறுவப் பெற்றது. அது பாரிசு அந்நிய வேதபோதக சபையார் ஆட்சியிலிருந்த கோயம்புத்தூர்ப் பகுதியைச் சார்ந்தது. இதற்கிடையில் மதுரைப் பகுதியில் அடங்கியிருந்த கருத்து வேற்றுமைகள் மீண்டும் மூண்டெழுந்தன. அவை முற்றி, 1876ஆம் ஆண்டில் இருபது கன்னியர் தம் சபையை விட்டு விலகும் நிலை ஏற்பட்டது. அவர்களுள் மரியம்மையாரும் ஒருவர். கீழ்ப்படிதலை வார்த்தைப்பாடாக ஏற்ற ஒருவர்க்கு இதனினும் கொடிய சோதனை வேறில்லை. உலகோர் கண்ணுக்கு அவர் கலகக்காரியாகவே தோன்றியிருப்பர்.

அவ்விருபதின்மரும் நீலகிரி மலைப்பாதை ஏறி உதகமண்டலத்தை அடைந்தனர். கோயம்புத்தூர் மேற்றிராணியாராகிய சூசை பார்து ஆண்டகை அவர்கட்குப் புகலளித்தார். அவர் அன்று வாயிலை அடைத்திருப்பின் இச்சரிதை அங்ஙனமே முடிந்திருக்கும்.

அந்த ஆண்டு இந்நாட்டார் எளிதில் மறக்கும் ஆண்டன்று. அதுவே தாது வருஷம். மழை பொய்த்து, கிணறு வற்றி, கால்நடை மடிந்து, சென்னை மாகாணம் முழுதும் பெரும்பஞ்சம் பரவிய காலம். நாமக்கல் வட்டத்தைத் தன்னகத்துக் கொண்டிருந்த அக்காலத்துச் சேலம் ஜில்லா மிகக் கொடிய இழப்புற்றது. 1871ஆம் ஆண்டிற் பத்தொன்பது இலட்சத்து அறுபதாயிரத்திற்கு மேற்பட்டிருந்த அதன் குடித்தொகை, 1881ஆம் ஆண்டில் ஏறத்தாழப் பதினாறு இலட்சமாகக் குறைந்தது. மோகனூர் முதலிய காவிரிக் கரை ஊர்களைச் சூழ்ந்த மானாவாரி நிலத்துக் குடிகள் பட்ட துயரைப் பாட்டிமார் கதைகள் நெடுநாள் நினைவிற் கொண்டிருந்தன. பஞ்சத்தில் முதலிற் பசிப்பவளும் இறுதியில் உண்பவளும் பெண்ணே. தாய்தந்தையரை இழந்த சிறுமியர்க்கு இல்லமும், கைம்பெண்டிர்க்குத் தொழிலும், நோயாளர்க்கு மருந்தும் மிகவும் வேண்டியிருந்த அந்நாளிற்றான், தம்மையே காத்துக்கொள்ள வழியறியாத இருபது பெண்கள் மலைமேல் ஒன்றுகூடியிருந்தனர்.

புதிய சபை

மரியம்மையார் தம் வழக்கை ஊரார் முன் பேசித் திரியவில்லை, பத்திரிகைக்கு எழுதவுமில்லை. 1876ஆம் ஆண்டு நவம்பரில் உரோமாபுரி சென்று, உரிய அதிகாரிகளிடம் உண்மையை எடுத்துரைத்தார். 1877ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, 9ஆம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் புதிய சபை ஒன்றை நிறுவ அனுமதி அளித்தார். வேதபோதகப் பணிக்கென்றே பெண்டிரால் நடத்தப் பெறும் அச்சபைக்கு மரியாயின் வேதபோதகக் கன்னியர் என்னும் பெயர் அமைந்தது.

உரோமாபுரியின் யோசனைப்படி பிரான்சில் சேன் பிரியூ என்னும் ஊரில் நவகன்னியர் மடம் திறக்கப் பெற்றது. அங்குப் பல பெண்கள் வந்து சேர்ந்தனர். மருத்துவம், செவிலியம், கல்வி, கைத்தொழில் முதலியவற்றில் அறிவு பெற்ற பின்னரே தொலைநாடுகட்குச் செல்லுதல் நலம் என்பது அம்மையார் கொள்கை. அன்புமட்டும் போதும், பயிற்சி வேண்டா என்று கருதுவாரை அவர் ஒப்பவில்லை. அறியாமையோடு கூடிய அன்பு நோயாளிக்கு நஞ்சாதலும் கூடும் அன்றோ!

1882ஆம் ஆண்டில் மீண்டும் உரோமாபுரி சென்றபொழுது, இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன் கிளாரம்மாள் மடத்திற் கண்ட வழி மறுபடியும் அவர்க்குத் தோன்றிற்று. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள், ஐந்துகாயப் பிரான்சீஸ்கு திருநாளன்று, அராசேலி ஆலயத்தில் அவர் பிரான்சீஸ்குவின் மூன்றாம் சபையிற் சேர்ந்தார். அன்றுமுதல் பிரான்சீஸ்கு சபையின் பெருந்தலைவராகிய பெர்நர்தீன் சுவாமிகள் அவர்க்கு உற்ற துணைவரானார். ஓநாயையும் உடன்பிறப்பென அழைத்த அசிசியாரின் வழி, சமாதானத்தின் வழி. இளமையில் நோயால் இழந்ததை நாற்பத்து மூன்றாம் வயதில் அம்மையார் திரும்பப் பெற்றார்.

இழந்த பதவியும் மீண்ட நீதியும்

ஆறாண்டுகள் அரும்பாடுபட்டு வளர்த்த சபையிலேயே அவர்க்கு எதிர்ப்பு எழுந்தது. 1883ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் தலைமைப் பதவியினின்று நீக்கப்பட்டார். தாம் பெற்ற குழந்தையைப் பிறர் கையிற் கொடுத்துவிட்டு விலகி நிற்கும் தாயின் நிலை அது.

இந்த இடத்தில் அவர் நடந்துகொண்ட முறையை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். தம் பக்கத்தாரைத் திரட்டி மற்றொரு பிரிவை அவர் உண்டாக்கவில்லை. தமக்கு நேர்ந்தது நீதியென்று போலியாக ஒப்புக்கொள்ளவுமில்லை. பொறுமையோடு விசாரணையை எதிர்நோக்கி இருந்தார். பொறுமை வேறு, அநீதிக்கு உடன்படுதல் வேறு. முன்னது வலிமை, பின்னது சோர்வு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல், பெண்களுக்குப் பொறுமையே அணிகலன் என்று கூறி அநீதியைச் சுமத்துவார் எக்காலத்தும் உளர்.

பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் விசாரணைக்கு ஆணையிட்டார். அம்மையார் குற்றமற்றவர் என்பது தெளிவாயிற்று. 1884ஆம் ஆண்டு ஜூலையிற் கூடிய பொதுச்சபை அவரையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தது. 1885ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் உரோமாபுரி சபையைப் பாராட்டி ஆணை வழங்கி, அதனைப் பிரான்சீஸ்கு சபையோடும் இணைத்தது. சபையின் சட்டங்கள் 1896ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் நிலையான ஒப்புதல் பெற்றன.

பெண்டிர்க்குச் செய்த பணி

அம்மையார் காலத்து ஐரோப்பாவிற் புதிய ஆலைகள் எங்கும் எழுந்தன. அவற்றில் உழைத்த பெண்கள் ஆடவரினும் குறைந்த கூலி பெற்று, நாளின் பெரும்பகுதியை நின்றே கழித்தனர். 1891ஆம் ஆண்டில் 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலைமை குறித்துச் சுற்றுமடல் ஒன்று வெளியிட்டு, நேர்மையான கூலியைத் தொழிலாளியின் உரிமை என வலியுறுத்தினார். மரியம்மையார் இத்துறையில் முன்னரே கருத்துடையவராய், பெண்டிர் முன்னேற்றத்திற்கும் சமுதாயச் சீர்திருத்தத்திற்கும் உழைத்தாரோடு ஒத்துழைத்தார். அவர் சபையார் சென்ற இடமெல்லாம் தையல், பின்னல், பூவேலை, நெசவு ஆகிய தொழிற்கூடங்களை அமைத்தனர். பிச்சையிடுதல் ஒருநாட் பசியைத் தீர்க்கும்; தொழில் கற்பித்தல் வாழ்நாட் பசியைத் தீர்க்கும். தன் கையாற் பொருளீட்டும் பெண்ணை வீட்டார் மதிக்கின்றனர். அவள் சொல்லுக்கும் செவிசாய்க்கின்றனர். இதனை நம் ஊர்களிலும் கண்கூடாகக் காணலாம்.

பிறர் அணுக அஞ்சிய இடங்கட்கும் அவர் தம் மக்களை அனுப்பினார். 1898ஆம் ஆண்டில் ஐந்து கன்னியர் ஜப்பான் தேசத்துக் குமமோத்தோ நகர் சென்று தொழுநோயாளர்க்குப் பணிவிடை செய்யத் தொடங்கினர். உற்றாராற் கைவிடப்பட்டுக் கோயில் வாயில்களிற் கிடந்த அந்நோயாளரைக் கழுவிக் கட்டுக்கட்டுதல் எத்தகைய தொண்டு என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சபையின் மற்றொரு சிறப்பும் குறிப்பிடத்தக்கது. ஒரே மடத்திற் பல தேசத்துக் கன்னியர் சேர்ந்து வாழ்தல் வேண்டும் என்பது அம்மையார் ஏற்படுத்திய மரபு. 1870ஆம் ஆண்டுப் போரின்பின் ஐரோப்பிய தேசங்கள் ஒன்றையொன்று பகைத்துப் படை பெருக்கிக் கொண்டிருந்த காலம் அது. அரசர்கள் எல்லைக்கோடுகட்காகச் சண்டையிட, பல நாட்டுப் பெண்கள் ஒரே மேசையில் உண்டு, ஒரே நோயாளிக்குப் பணிசெய்தனர். சமாதானத்தைக் குறித்துப் பேசுதலினும் சமாதானமாக வாழ்ந்து காட்டுதல் அரிது.

சீனத்துச் சோதனை

1899ஆம் ஆண்டில் சீன தேசத்துச் சான்சி மாகாணத் தலைநகராகிய தையுவானுக்கு ஏழு கன்னியர் சென்றனர். பிரெஞ்சு தேசத்தார் மூவர், இத்தாலியர் இருவர், பெல்ஜியத்தார் ஒருவர், ஹாலந்தார் ஒருவர். மேரி எர்மீன் அம்மையார் அவர்கட்குத் தலைவி. அநாதைச் சிறுமியரை வளர்த்தலும் நோயாளரைப் பேணுதலும் அவர்கள் பணி.

அந்நியப் பேரரசுகள் சீனத்தைத் துறைமுகம் துறைமுகமாகக் கூறுபோட்ட கொடுமையால் அந்நாட்டார் நெஞ்சில் மூண்டிருந்த சினம், 1900ஆம் ஆண்டிற் பாக்ஸர் கலகமாக வெடித்தது. வல்லரசுகள் செய்த பிழைக்குப் பழியறியாதார் இரையாயினர். அவ்வாண்டு ஜூலை 9ஆம் நாள் தையுவானில் மேற்றிராணியார், குருக்கள், சீனக் கிறிஸ்தவர் ஆகியோருடன் அவ்வேழு கன்னியரும் கொல்லப்பட்டனர். சீர்திருத்த சபைப் போதகர்களும் அவர்தம் மனைவி மக்களும் அந்நாளில் உயிரிழந்தனர். அவ்வெழுவர்க்கும் 1946ஆம் ஆண்டில் முத்திப்பேறு பட்டமும், 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அர்ச்சியசிஷ்டர் பட்டமும் வழங்கப் பெற்றன.

செய்தி கேட்ட அம்மையார் மனம் புண்ணாயிற்று. ஆயினும் அவர் உள்ளத்திற் பழிவாங்கும் எண்ணம் இடம்பெறவில்லை. படைகள் சீனத்துட் புகுந்து பழிக்குப் பழி வாங்கிய பின்னர், அவர் அனுப்பியது மீண்டும் செவிலியரையே. குருதி சிந்திய அதே சான்சி மாகாணத்திற்கு 1904ஆம் ஆண்டில் மற்றொரு கூட்டம் புறப்பட்டது. அவர்களுள் ஒருவராகிய அசுந்தா பல்லோத்தா என்னும் இத்தாலிய உழவர் மகள், அங்கு நச்சுக்காய்ச்சலால் 1905ஆம் ஆண்டு ஏப்ரலில் உயிர்நீத்தார். கொன்றவர் நாட்டு நோயாளரைப் பேணச் சென்று இறத்தலினும் உயர்ந்த சமாதானத் தூது எதுவுளது?

மறைவு

ஓயாப் பயணமும் ஓயாக் கடிதப் போக்குவரத்தும் அம்மையார் உடலை நலித்தன. 1904ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், இத்தாலியக் கடற்கரையிலுள்ள சான் ரேமோ நகரில், சின்னாள் நோயுற்று அமைதியாக உயிர்நீத்தார். அப்பொழுது அவர்க்கு வயது அறுபத்தைந்து. உதகமண்டலத்தில் இருபதின்மராகத் தொடங்கிய கூட்டம், அவர் கண்மூடிய நாளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கன்னியரும் எண்பத்தாறு மடங்களும் உடையதாக வளர்ந்திருந்தது. அவர் திருவுடல் உரோமாபுரியில் சபையின் தலைமை இல்லத்தில் வைக்கப் பெற்றுள்ளது. 2002ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர் அவர்க்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

அவர்க்குப் பின்

விதைத்தவர் மறைந்தாலும் விளைவு நிற்கவில்லை. ஸ்காத்துலாந்து மருத்துவ அம்மையார் ஆக்னஸ் மக்லாரன், 1909ஆம் ஆண்டில் இராவல்பிண்டியில் பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் மருத்துவசாலை ஒன்று அமைத்தார். ஆடவ மருத்துவர் முன் வரமாட்டாத கோஷாப் பெண்கள் மருந்தின்றி மடிவதைக் கண்டு அவர் செய்த ஏற்பாடு அது. அங்குச் செவிலியராகத் தொண்டாற்றியோர் மரியம்மையாரின் கன்னியரே. முதல் உலகப் போரின்பின் அம்மருத்துவசாலையிற் பணிபுரிந்த ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல் அம்மையார், 1925ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் மருத்துவ வேதபோதகக் கன்னியர் சபையை நிறுவினார். துறவுக் கன்னியர் முழு மருத்துவராய்ப் பணிபுரிதலையும் பேறுகாலச் சிகிச்சை செய்தலையும் திருச்சபைச் சட்டம் அக்காலத்திற் பொதுவாகத் தடுத்திருந்தது. பல்லாண்டு விண்ணப்பங்களின்பின் 1936ஆம் ஆண்டில் அத்தடை நீங்கிற்று. பெண்ணுக்கு நீதி நாடிய பெண்கள் தம் சொந்தச் சபையின் சட்டத்தோடும் வாதாட வேண்டியிருந்தது என்பதை மறைப்பது உண்மைக்கு அழகன்று. அவ்வாதம் அன்போடும் உறுதியோடும் நடந்தமையால் வெற்றியும் கிட்டிற்று.

பாரதம் விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாளன்றே சென்னையில் இக்கன்னியர் ஸ்டெல்லா மாரிஸ் மகளிர் கல்லூரியைத் தொடங்கினர். நாடு விடுதலையடைந்த அன்றே மகளிர் கல்விக்கு ஒரு வாயில் திறந்தமை பொருத்தமன்றோ!

இன்று பிரான்சீஸ்கு குடும்பத்துச் சபைகள் சேர்ந்து அமைத்த உலக அமைப்பு ஒன்று, 1995ஆம் ஆண்டு முதல் ஐக்கிய நாடுகள் சபையில் ஆலோசனை கூறும் தகுதி பெற்று, வறியோர் குரலை அங்கு எடுத்துச் செல்கின்றது. 2002ஆம் ஆண்டில் பல பெண் துறவியர் சபைகள் சேர்ந்து யுனானிமா என்னும் கூட்டமைப்பை நியூயார்க்கில் நிறுவி, பெண்களையும் சிறுவரையும் விற்கும் கொடிய வாணிபத்தை ஒழிக்கப் பாடுபடுகின்றன. நோயாளியின் படுக்கையருகே தொடங்கிய தொண்டு நாடுகளின் மன்றம்வரை சென்றுள்ளது. இரண்டும் ஒரே தொண்டின் இரு முனைகளாம். புண்ணுக்கு மருந்திடுதல் ஒன்று. புண் உண்டாகாமற் காத்தல் மற்றொன்று.

முடிவுரை

இச்சரிதை பிரெஞ்சு மாதொருவரின் பெருமையைக் கூறுதற்குமட்டும் எழுந்ததன்று. இந்நாட்டின் கடன் ஒன்றையும் இது நினைவூட்டுகின்றது. மோகனூர் என்னும் பெயர்க்கு, அம்மை முருகனை மகனே என்றழைத்தமையால் மகனூர் ஆகி, பின்னர் மோகனூர் என மருவிற்று எனக் கதை வழங்கும். மகனை அழைத்த தாயின் அன்பு இனியதே. ஆயின் இச்சேலம் நாமக்கல் நாட்டில் மகளையும் அவ்வாறே அழைத்தோமா? பெண் மகவுகளைப் பிறந்தவுடன் கொல்லும் கொடுமையிலிருந்து காத்தற்காகத் தமிழ்நாட்டு அரசு 1992ஆம் ஆண்டில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் முதல் தொட்டில் சேலத்தில் வைக்கப் பெற்றது. அத்தொட்டில் பல உயிர்களைக் காத்தது. அதே வேளையில் நம் குறையையும் உலகறியச் செய்தது. போர் இல்லாத ஊரிலும் ஒரு பெண் குழந்தைக்கு வாழ இடமில்லை எனின், அவ்வூர்க்குச் சமாதானம் இன்னும் வரவில்லை என்பதே பொருள்.

மாணவ நண்பர்களே! நீலகிரி ஏறிய அவ்விருபது பெண்கள் செய்ததுபோல் உலகெங்கும் சபை நிறுவ நம்மனைவர்க்கும் இயலாது. நம் வீட்டிற் சகோதரியின் படிப்புக்கும் சகோதரனின் படிப்புக்கும் ஒரே அளவு பொருள் செலவிட இயலும். வயலில் நடவு நடும் பெண்ணுக்கு அவள் உழைப்புக்கேற்ற கூலி கொடுக்க இயலும். நமக்கு அநீதி நேர்ந்தபொழுது பகை வளர்க்காமல் உண்மையை நிலைநாட்டவும், பிறர்க்கு அநீதி நேர்ந்தபொழுது வாய்மூடாமல் இருக்கவும் இயலும். பட்டம் பெற்று வெளியேறும் ஒவ்வொருவரும் தம் ஊரில் இவற்றைச் செய்வாராயின், பாடுகளின் மரியம்மையார் பட்ட பாடு இந்நாட்டளவில் வீண்போகாது.